படகும் பொறுப்பும்

கையால் செய்த பொருளில் உயிர் உண்டு, இயந்திரம் செய்ததில் அது இல்லை என்பார் பலர். உழைப்பின் மேன்மை உண்மையிலேயே கருவியைப் பொறுத்ததுதானா? மரப்படகு கட்டும் தொழிலை முன்னிறுத்தி இதைச் சிந்திக்கலாம்.

குமரிக் கடற்கரையில் கரைமடிக்குப் பயன்பட்ட பழைய வள்ளங்கள் தைத்துக் கட்டப்பட்டவை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, பொருத்துவாயில் தென்னை நாரை வைத்து, கயிற்றால் இறுகத் தைப்பார்கள். அலை அடித்துக் கரையில் மோதும்போது தையல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். மரத்தின் நார் ஓடும் திசையறிந்து வாய்ச்சியைச் செலுத்திய தச்சரின் அறிவு அவ்வள்ளங்களில் இருந்தது.

நல்ல மரம் அரிதாகி விலையும் ஏறியபின், 1980களில் கோட்டாறு மறைமாவட்டத்தின் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. ஒட்டுப்பலகை ஆலையில் பிறப்பது. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒன்றன் நார் மற்றொன்றுக்குக் குறுக்காக அமையுமாறு அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்வார்கள். ஆனால் அப்பலகைகளை இணைத்த முறையோ பழையது: ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துவாயைப் பிசினாலும் கண்ணாடி இழையாலும் மூடினர். கயிற்றின் இடத்தில் கம்பி வந்தது, தையல் நிலைத்தது.

எனவே இயந்திரத்தை இகழ வேண்டியதில்லை. நாளெல்லாம் ரம்பம் இழுத்தவரின் தோள்வலியை அறிந்தோர் அதை இகழவும் மாட்டார்கள். எனினும் மனித உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: தொழில்நுட்பம் மனிதனின் துணை; ஆனால் உழைப்பவரின் மனநிறைவையும் படைப்பார்வத்தையும் பொறுப்புணர்வையும் அது பறித்துக்கொண்டால், ஏறக்குறைய அவரது எதிரியாகவே ஆகிவிடும்.

இம்மூன்றில் பொறுப்புணர்வே படகுத் தொழிலின் உயிர்நாடி. மின்துளைப்பான் நொடியில் துளையிடும்; துளை தவறான இடத்தில் விழுந்தால் அதற்கு மனம் உறுத்தாது. பிசின் கலவையில் அளவு பிசகினாலும் மேற்பூச்சு அதை மறைத்துவிடும். படகை வாங்குபவர் அறியமாட்டார். இருளில் கரை விட்டு வெகுதூரம் சென்றபின், தம் பிள்ளையும் உடனிருக்கும் வேளையில் அறிவார்.

நோவாவின் பேழைக்கு வெளிப்புறம் மட்டுமன்றி உட்புறமும் கீல் பூசுமாறு இறைவன் பணித்ததைத் தொடக்கநூலில் காண்கிறோம். யாரும் பார்த்துப் பாராட்டாத பக்கமும் வேலையின் ஒரு பகுதியே. நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் வளர்ந்தவரைப் பின்பற்றும் நாம், அலுவலகத்திலோ வகுப்பறையிலோ அடுக்களையிலோ, நம்மை நம்பி ஏறும் ஒருவருக்காக ஏதோ ஒரு படகைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதன் உட்புறத்தை நாம் எப்படிப் பூசியிருக்கிறோம்?