மாற்றியது யார்?



"இதை யார் மாற்றியது?" என்று குழந்தை கேட்கும். பானை உடைந்தால் உடைத்தவர் ஒருவர் உண்டு. ஆகவே எதற்கும் ஒருவர் இருக்கவேண்டும் என்பது பிள்ளையின் கணக்கு. ஆனால் கிணற்றுக் கல்லில் கயிறு பதிந்த பள்ளத்தை வெட்டியது யார்? தண்ணீர் இறைக்க வந்த எவருக்கும் கல்லைத் தேய்க்கும் எண்ணமே இருந்ததில்லை.

சொற்களும் அப்படியே. திருக்குறளின் 1274-ஆம் குறளில், மொட்டுக்குள் அடங்கிய நறுமணத்துக்குப் பெயர் 'நாற்றம்'. இன்று பூக்காரியிடம் அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள்! அதைச் சட்டமிட்டு மாற்றியவர் எவருமில்லை. தாய் பேசியபடியே மகள் பேசினாள். மகள் பேசியபடியே பேத்தி பேசினாள்.

சிறுவருக்கு இதை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு காகிதத் துண்டை வேறொரு காகிதத்தின்மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடிட்டு, கோட்டின் வெளிப்புறமாக வெட்டச் சொல்லுங்கள். முதல் துண்டை மறைத்துவிடுங்கள். இரண்டாவதை வைத்து மூன்றாவது, மூன்றாவதை வைத்து நான்காவது என்று இருபது துண்டுகள் வெட்டட்டும். ஒவ்வொரு முறையும் கோட்டின் கனம் சேர்ந்துகொள்ளும். அடுத்தடுத்த இரண்டைப் பார்த்தால் வித்தியாசம் அநேகமாய்த் தெரியாது. கடைசியில் முதல் துண்டை எடுத்து இருபதாவதின்மேல் வையுங்கள். "நான் சரியாகத்தானே வெட்டினேன்!" என்று குழந்தை திகைக்கும்.

எண்ணமில்லாத இடத்தில் குற்றமும் இல்லையா? பிள்ளையைக் கடிந்துகொள்வது அநியாயம். எல்லா மாற்றமும் கேடுமல்ல. ஒரு சொல்லின் பொருள் மாறியதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் மறைத்துவைத்த அந்த முதல் துண்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதையே வைத்து வெட்டியிருந்தால், பிழை இவ்வளவு குவிந்திராதே!

நம் வீடுகளில் கடுஞ்சொல் வளர்வதும் இப்படித்தான். நேற்றைவிட இன்று ஒரு மயிரிழை அதிகம்; அவ்வளவே. நேற்றோடு மட்டும் ஒப்பிடுகிறவனின் மனச்சாட்சி உறுத்துவதில்லை. மணம் புரிந்த நாளில் மனைவியிடம் பேசிய பேச்சோடு இன்றைய பேச்சை ஒப்பிட்டால் அல்லவா நெஞ்சு திடுக்கிடும்! இப்படி ஆகவேண்டும் என்று நாம் நினைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அளந்து பாராமல் இருந்ததற்கு நாமே பொறுப்பாளிகள்.

ஆகையால், "யார் மாற்றியது?" என்று பிள்ளை கேட்டால், "தனியாக ஒருவருமில்லை, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக" என்று சொல்லுங்கள். பிறகு அந்த முதல் துண்டை அதன் கையில் கொடுங்கள். தொலைக்காமல் வைத்துக்கொள்ளட்டும்.