கப்பல் விளிம்பும் கையேற்பும்

நான் சிறுவனாக இருந்தபோது மூதூரில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. திருகோணமலையில் ஒரு மொத்த வியாபாரியிடம் சாமான் எடுப்பார். அந்த முதலாளி பிடித்துக் கொடுக்கும் லாஞ்சில் அது கொட்டியாரக்குடாவைக் கடந்து வரும். ஒரு மாரியில் பத்து மூடை கோதுமை மா நனைந்து களியாகிப் போனது. "லாஞ்சில ஏத்தினதோட என்ட பொறுப்பு முடிஞ்சிது காக்கா" என்றார் முதலாளி. வாப்பா மறுபேச்சுப் பேசாமல் மூன்று மாதத்தில் கடனைக் கட்டி முடித்தார்.

உலக வர்த்தகமும் அதையே சொல்கிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936இல் முதன்முதலாக வெளியிட்ட 'இன்கோடேர்ம்ஸ்' விதிகளில் சி.ஐ.எஃப். என்று ஒன்றுண்டு. கப்பலை அமர்த்துவதும் கூலியும் காப்புறுதியும் கட்டுவதும் விற்பவர். ஆனால் ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்குக் கப்பலேறியதுமே நட்டம் வாங்குபவருடையதாகிவிடும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு மாற்றும்வரை இதற்கு எல்லை கப்பலின் விளிம்பு. பாரந்தூக்கியிலிருந்து அறுந்த மூடை விளிம்புக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று வழக்காடலாம்! இப்போது சரக்குக் கப்பலின் மேல் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சீனக்குடா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வரும்போதெல்லாம், நடுக்கடலில் இது யாருடைய நட்டம் என்ற கேள்வி எனக்குள் எழும். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், 'கப்ள்' என்னும் கையேற்பு நிகழுமுன் பொருள் அழிந்தால் விற்பனையே முறிந்துவிடும், நட்டம் விற்றவருக்கு. கையேற்காத தானியத்தை மறுபடி விற்பதை நபிகளார் (ஸல்) தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். நட்டத்துக்குப் பொறுப்பேற்காத பொருளில் இலாபம் எடுப்பதும் தடுக்கப்பட்டதே. கப்பல்காரனை வாங்குபவரின் பிரதிநிதியாகக் கொண்டால் ஏற்றியதே கையேற்பு என்று வாதிக்கலாம். சட்டத்துக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. தான் தெரிவுசெய்யாத, கண்ணாலும் காணாத கப்பலுக்கு ஒருவர் எப்படிப் பொறுப்பாளி? காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது நட்டத்தைத்தான் ஈடுசெய்யும். யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கும். வாப்பாவின் மாவுக்கு அதுகூட இருக்கவில்லை.

அந்தப் பத்தில் இரண்டு மூடை, தோப்பூர்க் கடைக்காரர் ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லிவைத்தவை. வாப்பா அவருடைய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். "முதலாளி உங்களிட்ட எடுத்தார்தானே?" என்று கேட்டேன்.

"அந்தாள்ற கைக்கு மா போய்ச் சேரல்லியே மகன்" என்றார்.