ஈசியூ சொன்னால் நம்பலாமா?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் சிக்னலில் நின்றுபோகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறார், திரையில் பி0606. இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூவின் பிராசஸரில் கோளாறு என்று அர்த்தம். இந்தத் தகவலைத் தந்தது யார்? அதே ஈசியூ.

பட்டறைக்குள் தத்துவம் நுழையும் இடம் இதுதான். அறியும் கருவியே பழுதானால் அந்தப் பழுதை எதைக்கொண்டு அறிவது? இந்திய அளவையியல் பல நூற்றாண்டுகள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. 7ஆம் நூற்றாண்டின் குமாரில பட்டர் போன்ற மீமாம்சகர்கள், அறிவு பிறக்கும்போதே மெய் என்ற தகுதியோடு பிறக்கிறது என்றார்கள். பின்னால் வேறோர் அறிவு வந்து மறுத்தாலோ, அறிவைத் தந்த கருவியில் குறை தெரிந்தாலோ மட்டும் அதைக் கைவிட்டால் போதும். நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் ஒப்பவில்லை. மெய்யா பொய்யா என்பது வெளியிலிருந்துதான் உறுதிப்பட வேண்டும். நீரா கானலா என்பது போய்க் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஈசியூவை வடிவமைத்தவர்கள் இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். தன் நினைவகத்தில் இருப்பதைத் தானே கூட்டிப் பார்த்து, விடை பொருந்தாவிட்டால் பி0601 என்று தன்மேலேயே குற்றம் பதிகிறது. அதோடு விடவில்லை. எலெக்ட்ரானிக் திராட்டில் உள்ள பல கார்களில் பிராசஸரைக் கண்காணிக்கத் தனிச் சில்லு ஒன்று உண்டு. அது ஓயாமல் கேள்வி கேட்கும். உரிய நேரத்தில் சரியான விடை வராவிட்டால் திராட்டிலை இயக்கும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

முழுதாகச் செத்த ஈசியூவைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்கேனரோடு பேசாது, சாவியைப் போட்டாலும் செக் இன்ஜின் விளக்கு எரியாது. அரைகுறையாகக் கெட்டதுதான் ஆளை அலைக்கழிக்கும். இக்னிஷன் காயிலைப் புதிதாகப் போட்டும் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகும். காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் உள்ளே எரிந்திருக்கலாம். வேறொரு கார் சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும். 1990களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் கார்களின் ஈசியூவில் கெப்பாசிட்டர்கள் கசிந்து, வழிந்த திரவம் போர்டின் செம்புத் தடங்களை அரித்தது பெயர்போன கதை. மூடியைத் திறந்ததும் மீன் வாடை அடிக்கும் என்பார்கள் பழுதுபார்ப்பவர்கள். புலன்வழி அறியும் காண்டல் அளவைக்கு மூக்கும் ஒரு வாசல்தானே!

ஆனால் பெரும்பாலான நேரம் கைகொடுப்பது, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் கருதல் என்று சொல்லும் அனுமானம்தான். சறுக்குவதும் அங்கேதான். புகை இருந்தால் நெருப்பு உண்டு. அதையே திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை உண்டு என்றால் நையாயிகர் தடுப்பார். ஈர விறகு என்ற நிபந்தனை இடையில் ஒளிந்திருக்கிறது. ஈசியூ கெட்டால் இன்ஜின் நிற்கும், சரி. இன்ஜின் நின்றது, ஆகவே ஈசியூ கெட்டது என்பது எப்படிச் சரியாகும்? இளைத்த பேட்டரியோ துருப்பிடித்த எர்த் கம்பியோ அதே வேலையைச் செய்யும். ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே, பல சென்சார்களுக்குப் பொதுவான 5 வோல்ட் இறங்கி, நான்கைந்து பிழைக் குறியீடுகள் ஒன்றாக வந்து விழும். பார்ப்பவருக்கு ஈசியூவுக்கே புத்தி பேதலித்தது போலத் தோன்றும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், குற்றவாளி கழன்றதும் 5 வோல்ட் திரும்பிவிடும்.

சரி, ஸ்கேனரை யார் சோதிப்பது? மல்டிமீட்டரை? வெளிச்சான்று தேடத் தொடங்கினால் முடிவே இராது என்று மீமாம்சகர் மடக்கியது நியாயம்தான். ஆனால் 10ஆம் நூற்றாண்டின் நையாயிகரான உதயணர் ஐயத்துக்கே எல்லை கட்டினார்: நடைமுறையோடு முரண்படும் இடத்தில் ஐயம் நின்றாக வேண்டும். கார் விஷயத்தில் நையாயிகர் பக்கமே சாய வேண்டியிருக்கிறது. மாற்று ஈசியூ விலை அதிகம். மென்பொருள் ஏற்ற வேண்டும், பல கார்களில் சாவியின் இம்மொபிலைசரோடும் இணைக்க வேண்டும். ஆகவே, ஈசியூவை மாற்றச் சொல்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: அதற்குப் போகும் பவரையும் எர்த்தையும், ஸ்டார்ட்டர் சுழலும்போது மீட்டர் வைத்து அளந்தீர்களா?