வரப்பு நிற்கட்டும், நிழல் விலகட்டும்

பிள்ளையை வளர்ப்பவரும் மாணவரை ஆளாக்குபவரும் "இன்னும் என்ன செய்யலாம்?" என்றுதான் தம்மைக் கேட்டுக்கொள்கிறார்கள். "இனி எதை நிறுத்தலாம்?" என்று கேட்பவர்கள் குறைவு. வளர்ப்பின் பாதி இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது புதுச்சேரி அருகே பெரிய முதலியார்சாவடிக்கு மேற்கே உள்ள செம்மண் மேடு.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இந்த ஊர் வழியாக மேற்கே திரும்பினால் சாலை ஆரோவில்லுக்கு ஏறும். இன்று இருபுறமும் மரங்கள். 1968 பிப்ரவரி 28 அன்று, பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஊராக ஆரோவில் தொடங்கப்பட்டபோது மேட்டின் பெரும்பகுதி பொட்டல். ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணை அரித்து, பள்ளம் பறித்து, செந்நீராகக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. வெயில் காலத்தில் மிஞ்சியது கட்டாந்தரைதான்.

இப்படிப்பட்ட மண்ணில் கன்று நட்டால் மட்டும் போதாது. ஓடும் மழைநீரை நிறுத்த வரப்பு போட்டார்கள். ஆடு மாடு மேயாமல் இருக்க வேலி கட்டினார்கள். கோடையில் மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு ஊற்றினார்கள். வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களோடு சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும் குழி வெட்டினார்கள், குடம் சுமந்தார்கள். அந்தக் காட்டைப் பற்றிப் பேசும்போது அவர்கள் உழைப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

முதலில் வேகமாக வளர்ந்த மரங்களில் முக்கியமானது ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த அகேசியா. கத்திச் சவுக்கு என்றும் சொல்வார்கள். மோசமான மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். சருகு உதிர்த்து மூடாக்குப் போடும். சில ஆண்டுகளிலேயே நிழல் தரும். அந்த நிழலில்தான் இந்தக் கரைக்கே உரிய வீரை, காசான், பாலை போன்ற மரங்கள் மெல்ல வேரூன்றின. அவற்றின் விதைக்கு மூலம் அழியாமல் தப்பிய சின்னச் சின்னக் காடுகள். மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அப்படிப்பட்ட ஒன்று. குறைந்த மழையிலும் இலை உதிர்ந்து மொட்டையாகாத இந்த வகைக் காட்டை மரக்காணத்திலும் கோடியக்கரையிலும் ஆராய்ந்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973இல் எழுதினார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆரோவில் காட்டில் அகேசியாக்கள் பெருமளவில் விழுந்தன. மெதுவாக வளர்ந்த உள்ளூர் மரங்கள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அதனால் அகேசியா தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது வந்த காரியம் பெரும்பாலும் முடிந்திருந்தது. ஆனால் காரியம் முடிந்த பிறகும் அடர்ந்து நிற்கும் நிழல் கீழே உள்ள கன்றின் வெளிச்சத்தை மறைக்கும். சாயும்போது அதன் மேலேயே சாயும். அதனால்தான் காடு வளர்ப்பவர்கள் தாங்கள் நட்ட மரத்தையே காலம் பார்த்துக் கழிக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வளர்ப்புக்காகச் செய்த எல்லாவற்றையும் அவர்கள் நிறுத்திவிடுவதில்லை. தண்ணீர் ஊற்றுவது கன்று வேர் பிடிக்கும் வரை. நிழல், அது தலை நிமிரும் வரை. வரப்பு மட்டும் எப்போதும் நிற்கும். ஆண்டுதோறும் உடைப்பை அடைத்து அதைப் பேண வேண்டும். காரணம் எளிது: முதல் இரண்டும் மரம் தானே செய்ய வேண்டிய வேலையை அதற்காகச் செய்பவை. வரப்போ, கிடைத்தது அடித்துச் செல்லாமல் பார்த்துக்கொள்வது. வளர்ந்த மரமும் அந்த வேலையைத் தனியாகச் செய்துகொள்ள முடியாது.

மனித வளர்ப்பில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கல்லூரி முடித்த மகளின் விண்ணப்பத்தை அப்பா நிரப்புகிறார். அவள் யாரோடு பேசலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்பதை அம்மா முடிவு செய்கிறார். பட்டறையில் ஆண்டுக்கணக்காக உடன் நிற்கும் பையனிடம் முக்கியமான வேலையை மேஸ்திரி கொடுப்பதில்லை. நிழல் விலகவே இல்லை. அதே மகள் ஒரு தேர்விலோ வேலையிலோ தோற்று வந்தால், "இவ்வளவு செய்தும் இப்படியா?" என்று கேட்கிறோம். வரப்பு நிற்க வேண்டிய நேரத்தில் அதை உடைத்துவிடுகிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "பட்டால்தான் புத்தி வரும், விட்டுவிடு" என்பவர்கள் விலகுவதை மட்டும் பேசுகிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும் குழந்தையிடம் அப்படிச் சொல்வது கொடுமை. பொட்டல் மேட்டில் கன்றை நட்டுவிட்டு, தன் பலத்தில் வரட்டும் என்று போவதும் இதுவும் ஒன்றே. அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவு, இலவசப் பேருந்துப் பயணம், ஊர் நூலகம் போன்றவற்றைச் சலுகை என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இவை எந்தக் குழந்தைக்காகவும் படித்துக் கொடுப்பதில்லை, அது படித்தது வீணாகாமல் காக்கின்றன.

ஆகவே நம் பொறுப்பில் வளரும் ஒருவருக்காக நாம் செய்யும் ஒவ்வொன்றையும் எடுத்து, இது ஊற்றும் தண்ணீரா, நிழலா, வரப்பா என்று கேட்டுப் பார்க்கலாம். தண்ணீருக்கும் நிழலுக்கும் ஒரு கெடு வைப்போம். கெடு வந்ததும், மனம் வராவிட்டாலும், நிறுத்துவோம். வரப்புக்குக் கெடு வேண்டாம். தோற்று வந்தாலும் இந்த வீட்டில் சோறும் மரியாதையும் குறையாது என்ற உறுதியை, அவர்களுக்குத் தலை நரைத்த பின்னும் நாம் தந்துகொண்டே இருக்கலாம்.