விருட்சத்திடம் பெறும் அனுமதி

பெருங்காடு என்று சொல்லத்தக்க ஒன்று எங்கள் ஊரான உரும்பிராயில் இல்லை. செம்மண் தோட்டங்களும், கிளுவை வேலிகளும், தோட்டத்துக்குக் குழை தரும் பூவரசுகளும், அவற்றினிடையே நெடிது நிற்கும் பனைகளுமே உள்ளன. ஆயினும், எங்கள் பழைய வீடுகளின் கூரையைத் தாங்குவது பனஞ்சலாகையும் அவற்றின் வாசலைக் காப்பது வன்னிக்காட்டு முதிரையுமாதலால், உயிருள்ள ஒன்றை வெட்டிச் சாய்க்கும் உரிமை மனிதனுக்கு எங்ஙனம் உண்டாயிற்று என்னும் வினா, காட்டோரத்தில் வாழ்பவனுக்குப் போலவே எமக்கும் உரியதாகின்றது.

சைவம் எழுவகைப் பிறப்பினுள் தாவரத்தையும் ஒன்றாக எண்ணி, 84 இலட்சம் யோனிபேதங்களில் 19 இலட்சத்தை அதற்கு வகுத்திருக்கின்றது. கன்மத்தை அநுபவித்துக் கழிக்கும்பொருட்டு ஓரிடத்தே நிலைபெற்று நிற்கும் ஆன்மாவே மரமெனின், அதனை வெட்டுதல் ஓர் உயிரின் யாத்திரையை இடைநடுவில் அறுத்தலாகும். அவ்வாறாயின், தேருக்கும் கொடித்தம்பத்துக்கும் மரம் வேண்டிநிற்கும் அதே சைவம் இதற்கு என்ன சமாதானம் கூறுகின்றது?

கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர், விக்கிரகத்துக்கு மரந்தேடி வனம் புகுவோனுக்கென்றே பிருகத் சம்ஹிதையில் ஓர் அத்தியாயம் வகுத்தார். சுடலையிலும் ஆலயத்திலும் நிற்கும் மரமும், தேன்கூடு தாங்கிய மரமும் அவனுக்கு விலக்கு. தெரிந்தெடுத்த மரத்துக்கும் இரவிலே பலியும் பூசையும் இட்டு, அதில் வாசஞ்செய்யும் பூதங்களை வேறிடம் சென்று உறையுமாறு இரந்து வேண்டி, விடிந்தபின்னரே கோடரி வைத்தல் வேண்டும். மரம் தனக்கு முன்னரே வேறு பலருக்கு உறைவிடமாயிற்று என்பதை வெட்டுவோன் தன் வாயால் ஒப்புக்கொள்ளும் நியமம் இது.

காட்டியலறிஞர் வகுக்கும் திட்டமும் செவ்வையாக அமையுமிடத்து இந்நியமத்தின் விரிவேயாகும். வனத்தைக் கூறுகளாகப் பிரித்து, வெட்டிய கூறுக்குப் பல்லாண்டு ஓய்வளித்து, உரிய சுற்றளவு எய்திய மரத்துக்கு மாத்திரம் அடையாளமிட்டு, விதை தரும் தாய்மரங்களையும் ஓடைக்கரை மரங்களையும் தீண்டாது விடுவதே அதன் முறை. வன்னியின் பாலைமரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: உதட்டில் ஒட்டும் பாலோடு நாம் சுவைக்கும் அதன் மஞ்சட் கனியைக் கரடியும் நாடி வருகின்றது, தச்சன் வேண்டாமென ஒதுக்கும் அதன் பொந்திலே பறவை குஞ்சு பொரிக்கின்றது. கன அடிக் கணக்கில் இவையிரண்டும் ஏறுவதில்லை. திட்டத்தில் ஏறியே தீரவேண்டும்.

அனுமதி கேட்கும் நியமம் எம் நாட்டுச் சட்டத்திலும் உண்டு: 1951இல் இயற்றப்பட்ட மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டலாகாது. பெருந்திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கை வெளியானால், 30 நாட்களுக்குள் எவரும் தம் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம். ஆனால் கரடி மனு எழுதாது. இனிப் பிறக்கவிருக்கும் குழந்தையும் எழுதாது. 1970களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கள் புகுந்த சிங்கராஜ வனம், இத்தகைய வாய்பேசாதோருக்காக மனிதர் சிலர் குரலெழுப்பியமையாலேயே பிழைத்து, 1988இல் உலக மரபுரிமையாயிற்று.

1990இல் இயற்கைக் காடுகளில் வெட்டு தடைசெய்யப்பட்டமை நன்றே. எனினும் தடையால் வினா தீர்ந்துவிடவில்லை. இன்று நாட்டின் மரத்தேவையில் பெரும்பங்கை வீட்டுத் தோட்டங்களே தருகின்றனவாதலால், அவ்வினா காட்டிலிருந்து எம் வளவுக்குள்ளேயே வந்து நிற்கின்றது. போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்காக எவரையும் கேளாது பனைகள் சாய்க்கப்பட்டதைக் கண்ட எமக்கு, கேட்டு வெட்டுவதன் அருமையை வேறொருவர் உபதேசிக்க வேண்டியதில்லை.

அதிகாரியின் கையொப்பம் சாட்சி மாத்திரமே. அனுமதியைத் தரும் தகுதி வாய்பேசாதோருக்கே உண்டு. ஆதலின் காடாயினும் வளவாயினும், அனுமதி கோருபவன் எந்த மரத்தை வெட்டுவேன் என்று எழுதுமுன், எவற்றை எக்காலத்தும் வெட்டேன் என்று எழுதுக. அதனை விரதமாகக் கொண்டு காப்பவனுக்கே கோடரியைத் தொடும் உரிமை உண்டு.