மடியை விட்டு இறங்காத பிள்ளை



சின்னப் பிள்ளையைப் போல விசுவாசத்தோடு ஜெபியுங்கள் என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். உபவாச ஜெபத்திலும் சொல்லுகிறோம், வீட்டு ஜெபத்திலும் சொல்லுகிறோம். ஆனால் பிள்ளையின் விசுவாசம் என்றால் என்ன? கேட்டது கட்டாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையா? அல்லது, நான் கேட்கிறவர் என் அப்பா என்ற நம்பிக்கையா? பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கேட்டது கிடைக்காத நாளில்தான் வித்தியாசம் தெரிய வரும்.

நம்முடைய புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அப்படி ஒரு நாள் வந்தது. 2018 நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. தாத்தா வைத்த பலாவும், தகப்பன் வைத்த தென்னையும் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்து கிடந்தன. அந்த நாட்களில் ஒரு விசுவாசி அம்மா விழுந்து கிடந்த தோப்பில் நின்று என்னிடம் கேட்டார்கள்: "ராத்திரி பூரா முழங்கால்லதான் இருந்தோம் ஐயா. கடலை அதட்டுன ஆண்டவருக்கு இந்தக் காத்தை அதட்ட முடியாதா?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு சகோதரர், "விசுவாசம் குறைஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தோப்பு விழுந்தது ஒரு அடி, இந்த வார்த்தை இரண்டாவது அடி. முதல் அடியிலும் அப்பாவிடம் கேள்வி கேட்கிற தைரியம் அவர்களுக்கு மிச்சம் இருந்தது. இரண்டாவது அடி அந்த வாயையும் அடைத்துப் போட்டது.

அந்தச் சகோதரர் சொன்னது சரிதானா? சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பாவிகள் என்று நினைக்கக்கூடாது என்று ஆண்டவரே ஜனங்களைத் தடுத்தார் (லூக்கா 13:4,5). முள் நீங்கும்படி மூன்று தரம் கெஞ்சின பவுலுக்கு முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபைதான் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:8,9). பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்?

திருநெல்வேலிச் சீமையில் தோனாவூர் என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஊழியம் செய்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர்கள். மூன்று வயதில், தன் பழுப்புக் கண்களை நீலக் கண்களாக மாற்றும்படி ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத் தூங்கினார்கள். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள்தான்! பின்னாட்களில் சேலை கட்டிக்கொண்டு நம் ஜனங்களுக்குள்ளே நடமாடினபோது, அந்தக் கண்கள்தான் அவர்களுக்கு உதவியாய் இருந்ததாகச் சொல்லுவார்கள்.

நம் பிரசங்கங்களில் இந்தச் சம்பவத்தை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அன்றைக்கு அப்பா 'இல்லை' என்றார், பிறகு காரணம் விளங்கிற்று, அல்லேலூயா என்கிறோம். ஆனால் பிரியமானவர்களே, எல்லா 'இல்லை'க்கும் இப்படிக் காரணம் விளங்குகிறதா? அந்த அம்மையாரின் வாழ்க்கையிலேயே விளங்கவில்லையே! கூட உழைத்த பொன்னம்மாள் என்ற அருமையான சகோதரி புற்றுநோயில் கிடந்தபோது சுகத்துக்காக ஜெபித்தார்கள். பொன்னம்மாள் 1915-ல் மரித்துப்போனார்கள். 1931 அக்டோபர் 24 அன்று காலையில் தன்னை இன்னும் நல்ல ஊழியக்காரியாக்கும்படி ஜெபித்துவிட்டுக் களக்காட்டுக்குப் போன அம்மையார், அன்றைக்கே அங்கே ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 1951 ஜனவரி 18-ல் மரிக்கும் வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே வேதனையோடு கிடந்தார்கள். அந்தப் படுக்கையிலிருந்தும் ஜெபித்தார்கள், புத்தகங்கள் எழுதினார்கள். மூன்று வயதில் ஒரு 'இல்லை'யைக் கேட்ட பிள்ளை, அறுபது வயதுக்கு மேலே வந்த பெரிய 'இல்லை'யிலும் அப்பாவின் மடியை விட்டு இறங்கவில்லை. இதுதான் பிள்ளையின் விசுவாசம்.

இன்னொரு பிள்ளையையும் பாருங்கள். பெருங்குளத்தில் கோவிலுக்கென்று விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா. ஒருதரம் தப்பித்து தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடமே ஓடினாள். தாய் பயந்துபோய்த் திரும்ப ஒப்புக்கொடுத்துவிட்டாள். ஓடினதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். எமி அம்மையாரைக் காட்டி, அது பிள்ளை பிடிக்கிற அம்மாள் என்று வேறு பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அப்படியும் 1901 மார்ச்சில் அந்தப் பிள்ளை மறுபடியும் ஓடிப் பண்ணைவிளையில் அதே அம்மாளிடம் போய்ச் சேர்ந்து, இங்கேயே இருக்கப்போகிறேன் என்று மடியில் ஏறிக்கொண்டாள். ஒருதரம் நம்பி ஓடிச் சூடு வாங்கின கை, இரண்டாந்தரமும் நம்பி நீண்டது! பெற்ற தாய் மறந்தாலும் நான் மறவேன் என்ற கருத்தில் பேசின தேவன் நமக்கு இருக்கிறார் (ஏசாயா 49:15). சூடுபட்ட கையோடும் அவரிடத்தில் போகலாம்.

இப்போது வேதத்தில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே 'அப்பா' என்று ஒலிக்கிற அந்த அரமேயச் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில்தான் வருகிறது. இரண்டு இடம் பவுலின் நிருபங்களில் (ரோமர் 8:15, கலாத்தியர் 4:6). நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து ஒரே ஒரு இடத்தில் வருகிறது. அது அற்புதம் நடந்த இடமா? லாசரு எழுந்த இடமா? இல்லை. கெத்செமனே! பாத்திரம் நீங்கவேண்டும் என்று ஆண்டவர் கேட்டு, அது நீங்காமற்போன இடம் (மாற்கு 14:36). குமாரனே 'அப்பா' என்று கூப்பிட்டுக் கேட்டது கிடைக்கவில்லை. அவருக்கும் விசுவாசம் குறைவா? அப்படிச் சொல்லும் நாக்கு நடுங்காதா?

"அப்படியானால் கேட்பானேன்? உமது சித்தம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமே!" என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. ஆண்டவர் 'உமது சித்தம்' என்பதை முதலில் சொல்லவில்லை. வேண்டியதை முதலில் ஒளிவுமறைவில்லாமல் கேட்டார், பிறகு ஒப்புக்கொடுத்தார். சிலர் கேட்கவே பயந்து, கிடைக்காவிட்டால் வெட்கமாகிவிடுமே என்று 'சித்தமானால்' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுகிறார்கள். வேறு சிலர் கடன் வசூலிக்கிறவரைப் போல தேவனிடத்தில் கணக்குப் பேசுகிறார்கள். பிள்ளை இரண்டையும் செய்யாது. "அப்பா, எனக்கு இது வேணும்" என்று நேராகக் கேட்கும், அழும், அடமும் பிடிக்கும். கிடைக்காவிட்டாலும் ராத்திரி அதே அப்பா பக்கத்தில்தான் படுத்துத் தூங்கும்.

ஆகையால் தேவ பிள்ளையே, கேள். கண்மாய் நிறைய மழை கேள். சுகம் கேள். பிள்ளைக்கு வேலை கேள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கடலுக்குப் போன புருஷனுக்காகக் கரையில் காத்திருக்கிற சகோதரியே, கூச்சப்படாமல் கேள். நம்முடைய தேவன் இன்றைக்கும் அற்புதம் செய்கிறவர். அப்பம் கேட்கிற பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கிறவர் அல்ல (மத்தேயு 7:9-11). கேட்டது வராத நாளில் "ஏன்ப்பா?" என்றும் அவரிடமே கேள். அந்தக் கேள்வி அவிசுவாசம் அல்ல. அவரிடம் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறதற்குத்தான் நாம் பயப்படவேண்டும்.

சபையாரே, துக்க வீட்டுக்குப் போகிறபோது விசுவாசத்தை அளக்கும் படியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கூட உட்காருங்கள், கூட அழுங்கள். அவர்களால் ஜெபிக்க முடியாத நாட்களில் அவர்களுக்குப் பதிலாக நீங்கள் 'அப்பா' என்று கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிடப் பண்ணுகிற ஆவியானவர் நம் எல்லாருக்குள்ளும் ஒருவர்தானே! அவர்தாமே நம் சபைகளைப் பிள்ளையின் தைரியத்தினால் நிரப்புவாராக. ஆமென்.