கடலோர வீடும் காப்பீட்டுச் சுமையும்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைக் காண வருவோர் முதலில் வியப்பது அவற்றின் உயர்ந்த அடித்தளத்தைத்தான். தெருவிலிருந்து படிகள் பல ஏறியே திண்ணையை அடைய வேண்டும். மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில் இத்தனை உயரம் எதற்கு? நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்து, பின்னர் பாண்டிய நாட்டில் குடியேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கடல் கொண்ட ஊரின் நினைவே இந்த உயரம் என்பது இவ்வட்டாரப் பெரியோர் தரும் விளக்கம். அது வரலாறாயினும் வாய்மொழியாயினும், ஒரு தலைமுறை பட்ட துன்பத்துக்குப் பல தலைமுறைகள் கல்லும் சுண்ணாம்புமாக விலை கொடுத்து வந்திருக்கின்றன என்ற செய்தி அதில் இருக்கிறது.

இதை நான் நினைக்க நேர்ந்தது ஒரு கடிதத்தால். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சிங்கப்பூரில் பல்லாண்டு உழைத்து, வட்டிக் கடன் வாங்காமல், தொண்டிப் பக்கத்துக் கடற்கரையில் வீடு கட்டியிருக்கிறார். மாடியில் நின்றால் கடல் தெரியும். அவர் எழுதினார்: “ஹஜ்ரத், வீட்டைப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் காப்பீடு செய்யச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பத்தாண்டு புயல் வராவிட்டால் அத்தனையும் வீண். காப்பீடு செய்வது தவக்குலுக்கு மாறானது என்று வாப்பா சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?”

இதற்கு விடை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் ஜும்ஆவுக்கு முன் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. காப்பீடு செய்பவன் இறைவனை விட்டுக் காகிதத்தை நம்புகிறான் என்று அன்று முழங்கினேன். கேட்டிருந்தவர்களில் ஒரு சிறு வியாபாரி தம் ஓட்டு வீட்டின் காப்பீட்டை அவ்வாண்டு புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். 2018 நவம்பர் 16 விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய அக்காற்று தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்து, எங்கள் சிவகங்கைச் சீமை வழியாகவும் கடந்து சென்றது. அவருடைய கூரை போயிற்று. கடைச் சரக்கும் நனைந்து அழிந்தது. நான் பார்க்கச் சென்றபோது அவர் என்னைக் குறை கூறவில்லை. “அல்லாஹ் நாடியது, ஹஜ்ரத்” என்றார். அந்தச் சொல்லில் அவருடைய ஈமானைக் கண்டேன். என் கவனக்குறைவையும் கண்டேன்.

தவக்குல் என்பது என்ன? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நம் சிறுவர்களும் அறிவர். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டு எல்லையிலிருந்து படையைத் திருப்பிய உமர் (ரலி) அவர்களிடம், இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து மற்றோர் இறைவிதிக்கே செல்வதாக அவர்கள் விடையிறுத்தார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளில் தானியத்தைச் சேமிக்கச் செய்தார்கள். இவர்களில் எவருடைய நம்பிக்கையும் முன்னேற்பாட்டால் குறைந்துவிடவில்லை. ஆகவே, முன்னெச்சரிக்கையே தவக்குலுக்கு மாறு என்ற என் பழைய பேச்சு தவறு.

எனினும், உலமாக்கள் காப்பீட்டை ஐயுற்றது வெறும் பிடிவாதத்தாலன்று. ஹிஜ்ரி 1252இல் மறைந்த திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் அவர்கள், கப்பற் சரக்குக்காக ஐரோப்பிய வணிகர்களிடம் பணம் கட்டும் வழக்கத்தை ஆராய்ந்தார்கள். சரக்கு மூழ்கினால் அதற்கு ஈடு செய்யும் கடமை அவ்வணிகர்மீது இயல்பில் சாராதது. ஆதலால் அப்பொருளைப் பெறுவது முஸ்லிம் வணிகருக்கு ஆகாது என்று கூறினார்கள். விற்பனைப் பொருளிலேயே ஐயம் இருப்பது, வட்டி கலப்பது, சூதின் சாயல் ஆகியவை பின்வந்தோர் கூறிய காரணங்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி வணிகக் காப்பீட்டை விலக்கி, ஒருவருக்கொருவர் நன்கொடையாக அளித்துக் கூட்டாகக் காத்துக்கொள்ளும் முறையை ஏற்றது. சிரியாவின் முஸ்தஃபா ஸர்கா போன்றோர் காப்பீட்டை ஆகுமென்றனர். கலவரங்களில் வீடும் கடையும் எரிவதைக் கண்ட இந்திய உலமாக்கள் சிலர் நிர்ப்பந்தத்தைக் கருதி இடமளித்தனர். இக்கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்று தெளிவு: பாதுகாப்பை எவரும் பழிக்கவில்லை; பாதுகாப்பு விற்கப்படும் முறையைத்தான் ஆராய்ந்தார்கள்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். பத்தாண்டு கட்டி ஒன்றும் பெறாவிட்டால் வீண் என்பது பலருடைய கணக்கு. ஆனால் கட்டணம் என்பது அபாயத்தின் அளவைச் சொல்லும் ஒரு மொழி. புயல் எத்தனை ஆண்டுக்கொரு முறை வரும், கட்டடம் எவ்வளவு உறுதி, மீண்டும் எழுப்ப என்ன செலவாகும் என்ற மூன்றையும் கூட்டிப் பெருக்கி வருவதுதான் அத்தொகை. நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் யாவும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரேவகை வீட்டுக் காப்பீட்டை அளிக்க வேண்டும் என்பது விதி. புயல், வெள்ளம், ஆழிப்பேரலை எல்லாம் அதில் அடங்கும். ஈடு தருவது கட்டடத்தை மீண்டும் கட்டும் செலவுக்கே; மனையின் விலைக்கன்று. புயல் ஒரே நாளில் இடித்ததற்குப் பணம் வரும். கடல் ஆண்டுதோறும் கரையை அரித்து மனையை விழுங்குவதற்கு வராது. கரையில் மனை வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நலம்.

இந்த மொழியை அடக்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சான்று. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்ற சூறாவளி தாக்கியதும் காப்பீட்டு நிறுவனங்கள் பல நொடித்தன. எஞ்சியவை கட்டணத்தை ஏற்றின. வேறு புகலற்ற வீட்டுக்காரர்களுக்காக 2002இல் அம்மாநிலம் தானே ஒரு காப்பீட்டு அமைப்பை ஏற்படுத்தியது. அதன் கையிருப்புப் போதாதபோது, கடலையே காணாத உள்நாட்டுக் குடும்பங்களின் காப்பீட்டுத் தொகையிலும் கூடுதல் வரி விழுகிறது. வெள்ளக் காப்பீட்டை 1968 முதல் அந்நாட்டு மத்திய அரசு நடத்துகிறது. நெடுங்காலம் பல வீடுகளுக்கு உண்மையான அபாயத்துக்குக் குறைந்த கட்டணமே வாங்கப்பட்டது. ஒரே வீடு மீண்டும் மீண்டும் மூழ்கி, மீண்டும் மீண்டும் அதே இடத்தில் எழுந்தது. கடன் பெருகி, 2017இல் 1,600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. கடற்காட்சியைச் சிலர் அனுபவித்தார்கள். செலவை எல்லாரும் சுமந்தார்கள்.

நம் ஃபிக்ஹ் நூல்களில் ஒரு விதி உண்டு: ஒரு பொருளின் பயனை எவர் அனுபவிக்கிறாரோ, அதன் நட்டமும் அவரையே சாரும். உதுமானியரின் ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றது. இதை அளவுகோலாக வைத்து நம் கரையைப் பாருங்கள். ஒரே மணலில் இரண்டு வீடுகள் நிற்கின்றன. ஒன்று, வெளிநாட்டில் ஈட்டிய பொருளால் காற்றுக்காகவும் காட்சிக்காகவும் எழுந்த மாடி வீடு. மற்றொன்று, வள்ளம் கட்டிய இடத்தை விட்டு அகல முடியாத மீனவரின் கீற்று வீடு. முன்னவர் கரையை விரும்பித் தேர்ந்தார். பின்னவரைத் தொழில் அங்கே நிறுத்தியது. கட்டணமோ இவ்வேறுபாட்டை அறியாது. அது கூரையைப் பார்க்கிறது. ஓலைக்கு வீதம் கூடும், கான்கிரீட்டுக்குக் குறையும். அபாயம் எவ்வளவு என்பதை அது சரியாகச் சொல்கிறது. அதை எவர் சுமப்பது நீதி என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

‘புயலுக்குப் பின் நிவாரணம் வருகிறதே, போதாதா?’ எனலாம். கஜாவுக்குப் பின் முற்றும் அழிந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், சாய்ந்த தென்னைக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. இல்லாததற்கு அது மேல். பல ஊர் ஜமாஅத்துகளும் இளைஞர்களும் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிச் சென்றதை மறக்கவியலாது. ஆயினும் நிவாரணம் கேட்டுப் பெறுவது. வண்டி எட்டும் தெருவுக்கு முதலில் வருவது. கையேந்தும் அந்த நாளில் மானமுள்ள ஏழை பின்வரிசையில் நிற்கிறார். முன்கூட்டியே ஏற்பட்ட ஏற்பாடு உரிமையாக வருகிறது. அஷ்அரி கோத்திரத்தார் உணவு குறைந்த காலத்தில் தம்மிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்றும், அவர்கள் தம்மைச் சார்ந்தவர்கள் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) புகழ்ந்துரைத்தார்கள். அங்கே கொடுப்பவர், வாங்குபவர் என்று இரு வரிசை இல்லை.

நம் வட்டாரத்துக்கு இது புதிதுமன்று. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என ஒதுக்கிப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடும் வழக்கம் நகரத்தாரிடம் இருந்தது. கடற்கரைத் துறைகளில் நம் வணிகரும் சரக்குக்கு இவ்வளவு என்று பள்ளிவாசலுக்கு அளித்தார்கள். அதை ஊர்ப் பைத்துல்மாலில் புயல் நிதியாகப் புதுப்பிக்கலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயும் தீயும் ஊரில் ஒரு வீட்டைத் தொடும். புயல் ஊர் முழுவதையும் ஒரே இரவில் தொடும். கரையூர் ஒன்று தனக்குள்ளேயே நிதி சேர்த்தால், கொடுப்பவரும் பெறுபவரும் ஒன்றாக நனைவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தபோது, அவ்வூருக்குள் எவர் எவருக்குக் கைகொடுத்திருக்க முடியும்? சுமையைப் பங்கிட வேறிடத்தார் வேண்டும். காரைக்குடியும் தேவகோட்டையும் இளையான்குடியும் சேர்ந்தால்தான் கரையின் சுமை தாங்கும்.

‘கடல் எங்கள் வாசலுக்கு வராதே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று உள்நாட்டார் கேட்கலாம். வராததனால்தான் கொடுக்க வேண்டும். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவனின் இழப்பீட்டை அவன் உறவினர் கூட்டமே பகிர்ந்து செலுத்தும் ‘ஆகிலா’ முறையில், குற்றத்தில் பங்கில்லாதவர்களே பணத்தில் பங்கு கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கடமை மீனவரின் கூரைக்கு உரியது. மாடி வீட்டின் காட்சிக்கும் நாம் பங்கு கொடுத்தால் ஃபுளோரிடாவின் பிழையை இங்கே செய்தவர்களாவோம்.

இறுதியில் மாணவருக்கு எழுதினேன்: “தம்பி, காப்பீட்டின் மார்க்கச் சட்டத்தில் கருத்து வேறுபாடு உண்டு. நீர் நம்பும் ஆலிமிடம் கேட்டு மனம் அமைதியுறும் வழியில் செல்லும். ஆனால் எவ்வழி சென்றாலும் உம் வீட்டின் அபாயத்தை உம் பணத்திலேயே சுமந்துகொள்ளும். பின்னர் நிவாரண வரிசையில் உம் பெயர் வர வேண்டாம். கூரையையும் கதவையும் உறுதிப்படுத்தச் செலவிடும். அதுவே முதல் காப்பீடு. வீட்டின் முன்னுள்ள மணல்மேட்டை அழகுக்காகச் சமப்படுத்த வேண்டாம். அது உம் அண்டை வீட்டாரின் மதில். பத்தாண்டு புயல் வராவிட்டால் அத்தொகை வீண் என்று எண்ண வேண்டாம்; அது பிறர் கூரைக்குப் போயிற்று என்று எண்ணும். இயன்றால் உமக்காக ஒதுக்கும் தொகையோடு, அதே கரையில் இன்னொரு வீட்டுக்காகவும் ஒரு பங்கு ஒதுக்கும்.”

அவரிடமிருந்து விடை வந்தது. அவர் வாப்பா அந்த இரண்டாவது வீட்டைத் தாமே பார்த்து வைத்திருக்கிறார்களாம். அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்காரரிடம் நானும் சென்று, அன்று மிம்பருக்கு அருகில் நின்று நான் பேசியது பிழை என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை அவ்வூருக்குப் போகும்போது அதே இடத்தில் நின்று அதையே எல்லாருக்கும் சொல்ல எண்ணியிருக்கிறேன். வல்ல இறைவன் அதற்கு வாய்ப்பளிப்பானாக.